மேற்படி முப்பத்தேழு பேர்

ஆக்சிலியா அக்காவுக்குக் கம்ப்யூட்டர் மீது மரியாதை அதிகம். எங்கள் விவசாயிகள் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதே மேசை, அதே பழைய டேட்டாபேஸ் புரோகிராம். திரையில் பிழைச் செய்தி வந்தால் நான் மவுசைத் தட்டுவேன். அவரோ, "சொல்லுங்க, என்ன கோவம்?" என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார். காரைக்காலில் வேறு எந்த அலுவலகத்தில் பழைய புரோகிராம் படுத்துக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. முருகானந்தம் என்றால் முன்கோபம் என்று ஊருக்கே தெரியும்.

போன சம்பாவுக்கு விதைநெல் பட்டியலை முதல்முறையாக அந்தப் புரோகிராமில் ஏற்றச் சொன்னார்கள். அதுவரை என் கைநோட்டைப் பார்த்தே விதை கொடுத்துவந்தோம். நோட்டை நானே எக்ஸெல்லில் அடித்தேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பெயர்களை அகர வரிசையில் அடுக்கியும் கொடுத்தேன். ஏற்றிப் பார்த்தால் முப்பத்தேழு பேரின் சர்வே எண் மட்டும் உள்ளே போகவில்லை. சர்வே எண் இல்லாவிட்டால் விதை இல்லை. பட்டியல் மூன்று மணிக்குள் குடோனுக்குப் போயாக வேண்டும்.

அந்த முப்பத்தேழில் ஒருவரான குரும்பகரம் பங்கஜவல்லி, காலையிலேயே பஸ் பிடித்து வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"நாத்தங்கால் உழுது தண்ணி கட்டியாச்சு சார். இன்னைக்கு விட்டா அடுத்த லோடு வர பத்து நாளாகுமாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஓட்டை டப்பாவைத் தூக்கிப் போடுங்கக்கா."

அக்கா என் பட்டியலைத் திறந்தார். "இது எண் மட்டும் வாங்குற கட்டம் தம்பி. நீங்க என்ன குடுத்திருக்கீங்கன்னு பாருங்க."

பார்த்தேன். முப்பத்தேழு இடத்திலும் 'மேற்படி' என்று இருந்தது. நோட்டில் கணவனுக்குக் கீழே மனைவி, அண்ணனுக்குக் கீழே தம்பி என்று எழுதும்போது, சர்வே எண்ணுக்கு மேற்படி என்று போட்டுவிட்டுப் போவது என் பழக்கம். அடிக்கும்போதும் கை அதையே அடித்திருக்கிறது.

"சரி, மேல இருக்கிற எண்ணையே எடுத்துப் போட்டுருங்க" என்றேன்.

"மேல யாரு இருக்கா?"

பங்கஜவல்லிக்கு மேலே அம்பகரத்தூர் நெடுமாறன் இருந்தார். நான் அகர வரிசையில் அடுக்கிய புண்ணியத்தில் பங்கஜவல்லியின் கணவர் சுப்பையன் எங்கேயோ போயிருந்தார்.

"நெடுமாறன் வயலை இந்த அம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே தம்பி" என்று அக்கா சிரித்தார். பங்கஜவல்லியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நோட்டு இருக்குல்ல. சுப்பையன் எண்ணைப் பாத்துச் சொல்றேன்."

"ஆளு எதிர்ல உக்காந்திருக்காங்க, நோட்டை எதுக்குக் கேக்கணும்? அம்மா, உங்க சர்வே எண் என்னங்க?"

"நூத்தி எழுபத்தொம்பது."

நோட்டைப் புரட்டினேன். சுப்பையனுக்கு நூற்றுப் பதினான்கு என்று இருந்தது.

"அது அவரு வயலு சார்" என்ற பங்கஜவல்லி, பையிலிருந்து பட்டா நகலை எடுத்து வைத்தார். "இது எங்கம்மா எனக்கு எழுதிவச்சது. ஆறு வருசமா நான்தான் பயிர் வைக்கிறேன். அவரு பேருக்கு மட்டும் விதை குடுப்பீங்க, நான் வெளியில அலைஞ்சு வாங்குவேன். கேட்டா, ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவீங்க."

அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதுதாம்மா" என்றேன்.

அக்கா போனை என் பக்கம் தள்ளினார். "இன்னும் முப்பத்தாறு பேரு. ஒவ்வொருத்தரா கேட்டுச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

கேட்டேன். அவர்களில் பதினொரு பேருக்குத் தனி வயல் இருந்தது. இரண்டே முக்காலுக்குப் புரோகிராம் ஒரு பெயரைக்கூடத் தள்ளாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. "ரொம்ப நன்றிங்க" என்று அக்கா திரைக்குச் சொன்னார். இந்த முறை நானும் சொன்னேன்.

பங்கஜவல்லி பட்டியலில் தன் வரியை விரல் வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். கிளம்பி வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சார், அதுக்காக அவரை மேற்படின்னு போட்டுறாதீங்க. கோவிச்சுக்குவாரு."