போடிமெட்டின் ஏழு பூஜ்யங்கள்

1. மிஸ்ஸிங் 7

1977 செப்டம்பர் முதல் வாரம், திங்கட்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: "போடிமெட்டு, ஆகஸ்ட், மிஸ்ஸிங் 7." அந்த ஒரு வரியால் ஒரு மனிதரின் வேலை போக இருந்தது. போக வைக்க இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கருவித் தொழிற்சாலையில் இளநிலை புரோகிராமர். அங்கே ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருந்தது. மலையில் ஐந்து இடங்களில் மழை அளக்கும் திட்டம் ஒன்று அதில் வாடகைக்கு நேரம் எடுத்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவர். காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் அளந்து, மில்லிமீட்டரில் எழுதவேண்டும். மாத முடிவில் தாள் எங்களுக்கு வரும்.

தாளில் உள்ள எண்களை நாங்கள் பேப்பர் டேப்பில் ஏற்றுவோம். டேப் ஓர் அங்குல அகலம். குறுக்கே ஒரு வரிசையில் எட்டுத் துளைகளுக்கு இடம் உண்டு. துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எட்டும் சேர்ந்தது ஒரு பைட். சாதாரணமாக 125 என்ற எண்ணை 1, 2, 5 என்று மூன்று எழுத்துகளாகத் துளையிடுவார்கள். நான் அந்த எண்ணையே நேராக பைனரியில் ஒரே வரிசையாக எழுதும்படி செய்தேன். நிரல் ஃபோர்ட்ரானில், துளையிடும் பகுதி மட்டும் அசெம்பிளியில். ஒரு மாதத்துக்கு முப்பத்தொரு வரிசை போதும். டேப் கிடைக்காத காலம். இந்தச் சிக்கனத்துக்காக என்னை எல்லோரும் பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

டேப்பைத் திரும்பப் படிக்க, மெஷினோடு வந்த ரீடர் ரொட்டீன் என்ற துணைநிரலையே பயன்படுத்தினேன். அது வேலை செய்கிற பொருள், அதில் கைவைப்பானேன் என்று நினைத்தேன்.

2. சந்தேகம் ஒருமுறை பலித்தது

இந்தக் கதைக்கு ஒரு மாதம் முந்தியது இது. என் நிரலில் ஒரு சோதனைப் பகுதி உண்டு. ஒரே எண்கள் அதே வரிசையில் திரும்பி வந்தால் அச்சில் நட்சத்திரக் குறி விழும். ஜூலை மாதம் வண்டிப்பெரியார் பக்கத்து நிலையத்துக்கு நட்சத்திரம் விழுந்தது. இரண்டு வாரங்களின் எண்கள் அச்சு அசலாக ஒன்று. தாளை எடுத்துப் பார்த்தோம். அந்த அளவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு, முந்தைய வாரத்தை அப்படியே நகலெடுத்திருந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். நீக்கப்பட்டார், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

எங்கள் மேலாளர் வைத்தி சார் பாலக்காட்டின் பழைய அக்கிரகாரத் தெருக்காரர். யாரையும் எளிதில் நம்பமாட்டார். பேனாவை இரவல் கொடுத்தால் மூடியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அன்று என் தோளைத் தட்டி, "நோக்குத் தெரியுமோ? நீ எழுதினது புரோகிராம் இல்லேடா, போலீஸாக்கும்," என்றார்.

அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. "மெஷின் பொய் சொல்லாதுங்க," என்றேன்.

3. சௌகரியமான எண்

போடிமெட்டு நிலையத்தின் அளவர் முத்தையா. ஏலத் தோட்டத் தொழிலாளி. மரம் விழுந்து இடுப்பில் அடிபட்டதால் தோட்ட வேலை முடியாமல் போய், இந்த அளவர் வேலைக்கு வந்தவர். வேலை செய்யாதவருக்கு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு கிடையாது, தீபாவளிக்குள் காலி செய்யவேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அளவர் வேலை அக்டோபரில் நிரந்தரமாகவிருந்தது. நிரந்தரமானால் மழைமானிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை உண்டு. இத்தனையும் அவருடைய விண்ணப்பத்தில் இருந்தது. விண்ணப்பம் வைத்தி சாரின் மேசையில் இருந்தது.

ஆகஸ்ட் டேப்பைப் படிக்கவிட்டபோது மற்ற நான்கு நிலையங்களுக்கும் முப்பத்தொரு அளவுகள் வந்தன. போடிமெட்டுக்கு இருபத்துநான்குதான். கீழே "மிஸ்ஸிங் 7" என்று அச்சாகியிருந்தது.

வைத்தி சார் தாளை எடுத்து விரலால் எண்ணினார். முத்தையா ஏழு நாள் பூஜ்யம் போட்டிருந்தார்.

"பார்த்தியோ? தாள்லே ஏழு பூஜ்யம். மெஷின்லே ஏழு கொறையறது. பக்கத்து ஸ்டேஷன் தேவிகுளத்துலே ஒரு நாள் விடாமப் பெய்ஞ்சிருக்கு, இவனுக்கு மட்டும் வெயிலா? போகாமலே ஆத்துலே இருந்துண்டு எழுதியிருக்கான். பூஜ்யம் எழுதறது ரொம்ப சௌகரியமாக்கும்."

"மெஷினுக்கு எப்படிங்க தெரியும், அவர் போனாரா இல்லையான்னு?" என்று கேட்டேன்.

"நோக்குத்தாண்டா தெரியணும். வண்டிப்பெரியார்க்காரனை எப்படிக் கண்டுபிடிச்சுது?"

அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். வண்டிப்பெரியாரைப் பிடித்தது நான் எழுதிய நான்கு வரிச் சோதனை. பூஜ்யத்தைப் பிடிக்க நான் எதுவுமே எழுதவில்லை. ஆனாலும் நான் அறியாத ஏதோ திறமை என் நிரலுக்கு வந்துவிட்டதாகவே பாதி நம்பினேன். முதல் தடவை சந்தேகம் சரியாகப் போனதுதான் என்னைக் கெடுத்தது.

முத்தையாவை நீக்கும் உத்தரவு தட்டச்சாகி வந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. "நீ போய்ப் பார்த்துண்டு வா. முன்கூட்டிச் சொல்லிடாதே, கேட்டியோ?" என்றார்.

4. டீக்கடை பெஞ்சு

உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு. அங்கிருந்து தேவிகுளம் தாண்டி, ஜீப்பில் போடிமெட்டு. செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்தேன். தேவிகுளத்தில் நல்ல மழை. கணவாய் விளிம்புக்கு வந்ததும் வானம் வெளுத்திருந்தது. கிழக்கே போடிச் சமவெளி காய்ந்து கிடந்தது. பார்த்தேன். ஆனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழைமானிக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நாளும் முத்தையா எட்டரைக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே இடுப்பைப் பிடித்தபடி மேடேறி வந்தார். நான் இருப்பது தெரிந்து நடிக்கிறாரோ என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடைக்காரர் கேட்டார்: "சார் நெலம் வாங்க வந்தீகளா? மூணு நாளா அந்த மேட்டையே வெறிக்கிறீக. அது சர்க்கார் நெலம், விக்க மாட்டாக."

சனிக்கிழமை முத்தையா மேட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

"ஏன் சார், மூணு நாளா பெஞ்சியில உக்காந்து எம் முதுகையே பாக்குறீகளே. கிட்ட வந்து பாத்தா என்ன, மழைக் கொப்பரை கடிச்சிருமா?"

நான் யார் என்று சொன்னேன். அவருக்கு ஆச்சரியமில்லை.

"வண்டிப்பெரியார் ஆளு கதை இங்கிட்டும் வந்துச்சு சார். பாலக்காட்டுல ஒரு மிசினு இருக்கு, பொய் எழுதுனா துப்பிருமாம்ல?"

"ஏழு நாள் பூஜ்யம் போட்டிருக்கீங்களே?"

"பெய்யல, போட்டேன். பெஞ்சிருந்தா தண்ணிய ஊத்திக் காட்டிருவேன். பெய்யாததுக்கு என்னத்த சார் ஊத்திக் காட்ட?"

அவர் கண்ணாடிக் குவளையை என் கையில் வைத்தார். "இன்னிக்கி நீங்களே பாருங்க. நீங்களே எழுதுங்க. ஒங்க எழுத்தவாச்சும் மிசினு நம்புதான்னு பாப்பம்."

மேடேறிப் போய், மழைமானியின் புனலைக் கழற்றி உள்ளே இருந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஓர் எறும்பு விழுந்தது. தாளில் சனிக்கிழமைக்கு நேரே என் கையால் 0 எழுதினேன்.

ஞாயிறு காலை ஆறு மில்லிமீட்டர் இருந்தது. அதையும் நானே எழுதிவிட்டு, ஐந்து நாள் அளவையும் நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். 4, 0, 0, 0, 6.

5. ஜன்னலில் பிடித்த டேப்

பாலக்காடு திரும்பியதும் வைத்தி சாரைப் பார்க்கும் முன் அந்த ஐந்து எண்களையும் டேப்பில் ஏற்றி, நாள் ஐந்து என்று கொடுத்துப் படிக்கவிட்டேன். அச்சில் வந்தது: 4, 6. மிஸ்ஸிங் 3.

காணாமல் போன மூன்றில் இரண்டு, நான் பெஞ்சிலிருந்து பார்த்திருக்க அவர் எழுதியவை. மூன்றாவது, நானே பாட்டிலைக் கவிழ்த்து எழுதியது. என் பூஜ்யத்தையும் மெஷின் நம்பவில்லை.

ஆகஸ்ட் டேப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். டேப்பின் நடுவே, பல்சக்கரம் இழுப்பதற்காக வரிசைக்கு ஒன்றாகச் சின்னத் துளைகள் ஓடும். என் நிரல் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு குறி வரிசை போடும். இரண்டு குறிக்கும் இடையே சின்னத் துளைகளை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பத்தொன்று. ஏழு வரிசைகளில் சின்னத் துளை மட்டும் இருந்தது, எட்டு இடமும் மூடியிருந்தன. முத்தையாவின் ஏழு பூஜ்யங்களும் டேப்பில் பத்திரமாக இருந்தன. எழுதியது சரி. படித்ததுதான் விட்டுவிட்டது.

ரீடர் ரொட்டீனின் நிரல் வரிகளை முதன்முறையாக முழுக்கப் படித்தேன். டேப்பின் தொடக்கத்தில் துளையில்லாத வெற்று நீளம் கொஞ்சம் இருக்கும். அதைத் தாண்டுவதற்காக, துளையில்லாத வரிசை எங்கே வந்தாலும் கணக்கில் கொள்ளாதே என்று எழுதியிருந்தார்கள். எழுத்துகளுக்கு அது சரியான ஏற்பாடு. எழுத்தாக எழுதும் '0'-க்குத் துளை உண்டு. எண்ணாக, பைனரியில் எழுதும் பூஜ்யத்துக்குத் துளையே கிடையாது. டேப் மிச்சம் பிடிக்கப் போய், மழை பெய்யாத நாளையும் வெறும் காகிதத்தையும் ஒன்றாக்கியவன் நான். மற்ற நான்கு இடங்களில் அந்தப் பருவத்தில் ஒருநாளும், போடிமெட்டில் ஆகஸ்டுக்கு முன்பு ஒருநாளும் மழை விடாததால் இது வெளியே தெரியவில்லை.

இரண்டு டேப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தி சாரிடம் போனேன். அவரும் ஜன்னலில் பிடித்து எண்ணினார். நான் சொன்னதை நம்பாமல் இரண்டு தடவை எண்ணினார். பிறகு கேட்டார்: "மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னது நீதானே?"

"மெஷின் ஒண்ணும் சொல்லலைங்க. அது சொன்னதா நாந்தானுங்க சொன்னேன்."

அவர் நீக்கல் உத்தரவை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. எதையும் கிழித்துப் பழக்கமில்லாதவர். விண்ணப்பத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

6. பிறகு

நிரலை மாற்றினேன். முதல் வரிசையில் எத்தனை அளவுகள் என்ற எண்ணிக்கை. அதற்குப் பிறகு அத்தனை வரிசைகளையும், துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதையும் தள்ளாமல் அப்படியே எடுக்கும்படி ரீடரைத் திருத்தினேன். பைனரி எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எழுதுகிற இடத்தில் மட்டும் சரிபார்க்காதீர்கள். நடுவில் இருக்கும் எந்த ரொட்டீன் உங்கள் பைட்டை எழுத்து என்று நினைத்துக்கொண்டு எதைத் தள்ளும், எதைச் சேர்க்கும் என்று பாருங்கள். பூஜ்யத்தைப் போட்டுச் சோதியுங்கள். எட்டுத் துளையும் நிறைந்த 255-ஐயும் போட்டுச் சோதியுங்கள். தப்பாக அடித்த எழுத்தை எட்டுத் துளையும் போட்டு அழிப்பது வழக்கம் என்பதால், எங்கள் ரொட்டீன் அதையும் அழித்த எழுத்து என்று தள்ளிக்கொண்டிருந்தது. யாரையாவது சந்தேகிக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் முத்தையாவின் செப்டம்பர் தாள் வந்தது. அனுப்புநர் முகவரியில் லயத்தின் எண் இல்லை, அளவர் அறை என்று இருந்தது. நான் எழுதிய அந்த 0 தவிர மற்ற ஒவ்வொரு பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், குறிப்பு என்ற கட்டத்தில், பென்சிலால் ஒரே வாசகம் எழுதியிருந்தார்:

"போய்ப் பார்த்தேன். இல்லை."

அந்தக் கட்டத்தை மெஷினில் ஏற்ற வழியில்லை. தாளை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.