மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கதிரை

கொட்டாஞ்சேனையில் மாமி இருந்த தொடர்மாடிக்குப் போனால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அதை அங்கே வைப்பதா, உள்ளே வைப்பதா என்று ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சண்டை பிடித்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மாமி என் அப்பாவின் அக்கா. வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. குடலில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்து, கீமோ ஏற்றி முடித்தபோது அவருடைய கால்களில் பலமே இல்லை. பாதம் மரத்துப்போய், எங்கே மிதிக்கிறோம் என்பதே தெரியாது. டொக்டர் என்னையும் மாமியின் மகளான மச்சாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னார்: தினமும் நடக்கட்டும், களைத்தால் கதிரையில் இருக்கட்டும், படுத்தே கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும். மச்சாள் பவ்வியமாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாமியைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள்.

மாமிக்கு நடப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைக் கோயிலில் திருப்பலி; கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அப்படித்தான். கீழே இறங்கிவிட்டால் ஓட்டோவில் போய்விடலாம், அந்தப் படிகள்தான் பெரும்பாடு. பாதி வழியில் உட்கார்ந்து ஆறட்டும் என்று, வெள்ளவத்தையில் வாங்கிய கதிரையை, கொண்டக்டரின் பேச்சையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தூக்கி வந்து திருப்பத்தில் போட்டேன். அடுத்த முறை போனால் கதிரை குசினியில் இருந்தது, அதன்மேல் அரிசி வாளி.

"அம்மாவைப் படியில இருத்தி வைச்சா சனம் என்ன சொல்லும்? மகள் பாக்கிறாள் இல்லை எண்டு கதைக்காதோ?" என்றாள் மச்சாள்.

நான் வாளியை இறக்கிவிட்டுக் கதிரையை வெளியே வைத்தேன். அவள் உள்ளே எடுத்தாள். இப்படியே போனது. பேரப்பிள்ளை காணும் வயதில் இரண்டு பெண்கள் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் மச்சாள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். கோயில் ஃபாதரிடம் சொல்லி, செவ்வாய்தோறும் அவரே நற்கருணை அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. மாமி கட்டிலை விட்டு எழும்ப இருந்த ஒரே காரணமும் போயிற்று. ஃபாதர் வந்த முதல் நாள், கட்டிலருகே மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, இரண்டு மெழுகுதிரி. எங்கள் ஆட்களுக்கு இதைக் கண்டால் சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் கடைசிப் பூசுதல் ஒன்றுதான் நினைவுக்கு வரும். அன்று பின்னேரமே மாடி முழுக்கக் கதை பரவி, சனம் வந்து கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னது. ஒரு பெண் மாமியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மரத்துப்போன பாதம் என்பதால் மாமிக்கு அது தெரியவேயில்லை.

"நான் இன்னும் சாகேல்லை பிள்ளை. சனம் ஏன் இப்பவே வந்து அழுகுது?" என்று மாமி என் காதுக்குள் கேட்டார். பிறகு, "இப்பிடியே கிடந்தா எனக்கே சந்தேகம் வந்திடும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட, எல்லாரையும் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த செவ்வாய் கொள்ளுப்பிட்டி ஒஃபிஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். மச்சாள் மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். மாமி சேலை உடுத்து, கைப்பையும் மாட்டிக்கொண்டு வந்து, "கதிரையைத் தூக்கு" என்று என்னிடம் சொன்னார். கம்பியைப் பிடித்து, பாதம் எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்கினார். திருப்பத்தில் நான் போட்ட கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஃபாதர் ஏறி வந்தார்.

"ஃபாதர் ஏன் கஷ்டப்பட்டு ஏறுறீங்க? நான்தானே வாறன்."

மேலே மச்சாள் நெருப்புப்பெட்டியோடு நின்றாள். ஃபாதர் அவளையும் பார்த்தார், மாமியையும் பார்த்தார். பிறகு திரும்பி, நற்கருணைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, மாமிக்கு ஒரு படி முன்னால் இறங்கத் தொடங்கினார். நான் கண்ட கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலங்களிலேயே மிக மெதுவானது அதுதான்.

நோய் திரும்பி வந்தது. மாமிக்குக் கிடைத்த காலம் அதிகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவர் கோயிலுக்குப் போனார், தானே மீன் பார்த்து வாங்கினார், மீன்காரனோடு சிங்களத்தில் வாக்குவாதப்பட்டார். கட்டிலோடு கிடந்தது கடைசிக் கொஞ்ச நாள்தான்.

மச்சாள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது, வந்த ஆட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அம்மாவை நாங்க படுக்கையில விடேல்லை. கடைசி மட்டும் நடக்க வைச்சனாங்க." எனக்கு வாய்வரை வந்தது. எழும்பி வெளியே வந்து, படியிறங்கி, மாமி இருந்த கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து மச்சாளின் குரல் கேட்டது.

"இருந்திட்டு அதைத் தள்ளி வைச்சிடாதை. அம்மான்ர கதிரை, அது அந்த இடத்திலேயே இருக்கட்டும்."