சவேரியம்மாள் சிஸ்டரும் நாலாவது பில்லரும்

சவரக்கடையில் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. மண்டபம் பஸ்ஸிலிருந்து இறங்கிய மீன் வியாபாரி ஒருவர், "நம்ம சவேரியம்மா சிஸ்டர் போயிட்டாக. நேத்தே அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றார். ஊர் வம்பெல்லாம் எனக்குத்தான் முதலில் வரும் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். இது மட்டும் ஒரு நாள் பிந்தி வந்தது.

அவர் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம். பெயரைச் சொல்லமாட்டேன், நாளைக்கு எனக்குக் காலில் முள் குத்தினாலும் அங்கேதான் போகவேண்டும். பெரிய டாக்டர் எழுந்து, "சொன்ன சொல் தட்டாத பணிவான பெண்மணி" என்று வாசித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பணிவா? சவேரியம்மாளா? அவரை அறிந்த நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு வந்தோமே! அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அதே ஆஸ்பத்திரியில் என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். உள்ளே பல்பு எரியும் மரப்பெட்டிகள் நாலு. நாலிலும் குறைமாதப் பிள்ளைகள். பேனாவுக்கு மை ஊற்றுவோமே, அந்த மாதிரி ஒரே பில்லரால் நாலுக்கும் சொட்டுச் சொட்டாகப் பால். மகளின் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து, "பாலை மிச்சம் பிடிக்கிறாள், அப்பனைப்போல இல்லை" என்று வராந்தா முழுக்கச் சிரிப்பு மூட்டினேன். சவேரியம்மாள் சிரிக்கவில்லை. ஈரத்துணியைச் சுண்டுவிரலில் சுற்றித் துடைத்தார். வெள்ளை போகவில்லை, ரத்தம் கசிந்தது.

"பாலுன்னா துடைச்சாப் போயிரும், எழுத்துக்காரரே. இது பூசணம். ஊறுகாயில பூக்குமே, அந்தச் சாதி. குடலுக்கும் நெஞ்சுக்கும் இறங்குச்சுன்னா இத்தனூண்டு பிள்ள தாங்காது."

பெரிய டாக்டர், "குறைமாதம் என்றால் அப்படித்தான். பென்சிலின் போடு" என்றார்.

"ஊசி போடப் போடத்தான்யா அது தழைக்குது. பில்லர் வழியா பிள்ளைக்குப் பிள்ள தாவுது."

"நீ நர்ஸா, டாக்டரா?"

டாக்டர் போனதும் சவேரியம்மாள் என்னிடம் திரும்பினார். "பேனாவுக்கு மை ஊத்துற பில்லரு புதுசா நாலு வாங்கியாங்க. ஆளுக்கு ஒண்ணு. வழியில நின்னு யாருகிட்டயும் கதையளக்காதீக!"

என் புகழ் பிரசவ வார்டு வரை எட்டியிருந்தது. அன்று யாரோடும் பேசாமல் ஓடிவந்தேன். அதற்குள் நாலாவது பெட்டியிலிருந்த, ஏர்வாடி கதீஜாவின் ஆண்பிள்ளை மூச்சடங்கிவிட்டான். ரிஜிஸ்தரில் 'பலவீனம்' என்று எழுதினார்கள். கதீஜா கேட்டுக்கொண்டே இருந்தாள்: "நேத்துகூட வீறிட்டு அழுதானே சிஸ்டர், பலவீனம்னா அப்பிடி அழுவானா?"

சவேரியம்மாள் மூன்று பில்லர்களைக் கொதிக்கவைத்து, மூன்று நிறத்தில் நூல் கட்டினார். ஊசியை நிறுத்தினார். ஊதா மருந்தைத் தொட்டு மூன்று வாயிலும் பூசினார். ஒளித்துச் செய்யக்கூடிய காரியமா அது? காலையில் டாக்டர் வந்தபோது, நாவற்பழம் தின்றவர்களைப்போல மூன்று பேரும் படுத்திருந்தார்கள்.

"யாரைக் கேட்டுப் பூசினே?"

"நாக்கக் கேட்டேங்கய்யா."

மூன்றும் பிழைத்தன. அடுத்த மாதமே 'கீழ்ப்படியாதவர்' என்று எழுதி, அவரைத் துணி மடிக்கும் அறைக்குத் தள்ளினார்கள். கடைசி வரை அங்கேதான் இருந்தார். கீழ்ப்படியாதவர் என்று எழுதிய அதே கைதான் இன்று பணிவு என்று எழுதுகிறது. என் மகள் இப்போது நாலாம் வகுப்பில் வாத்தியாரை எதிர்த்துப் பேசுகிறாளாம். புகார் வந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை.

அன்று நாலாவது பில்லரை அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வச்சுக்கங்க. எழுதுறப்ப ஆகும்." ஒன்பது வருஷமாக நான் அதில் மை தொடவில்லை. என்னென்னவோ நையாண்டி எழுதினேன். அதற்கெல்லாம் பழைய பில்லரே போதுமாயிருந்தது. இன்றுதான் இதை எடுத்துப் பேனாவை நிரப்பினேன், ரிஜிஸ்தரில் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக: கதீஜாவின் பிள்ளை பலவீனத்தால் சாகவில்லை, பூசணத்தால் செத்தான். சவேரியம்மாள் அன்றைக்கே சொன்னார்.