கரண்ட் அக்காவின் வேண்டுதல்

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரைக் கரண்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் நாற்பது விரிப்புகளை மடிப்பதற்குள் அவர் நூறை முடித்துவிட்டு, "என்ன, கையை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்பார். கோபம் வரும். கையும் கொஞ்சம் வேகமாகும்.

அவருக்கு ஒரு பழக்கம். காலையில் இஸ்திரி மிஷினின் சுவிட்சைப் போடுவதற்கு முன் அதன் மேல் கை வைத்து, "இந்த விரிப்புல படுக்கிறவங்க எழுந்து வீட்டுக்குப் போகணும், சாமி" என்பார். அதற்கப்புறம்தான் வேலை ஆரம்பம். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஆரம்பத்தில் கேலி பேசிய நாங்களும், போகப்போக அந்த ஒரு நிமிஷம் கைகட்டி நிற்கப் பழகிவிட்டோம்.

போன வருஷம் அக்காவின் கணவரும் மகளும் போன வேன் கவிழ்ந்தது. கணவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். பத்து வயது மகள் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மூன்று நாள் கிடந்தாள், அக்கா இஸ்திரி போட்ட விரிப்பின் மேல். அவள் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். நேராகப் போய்ச் சுவிட்சைப் போட்டார். கைகட்டி நின்ற எங்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? வேலையப் பாருங்க" என்றார். கடவுள் சோதிக்கிறார் என்று சூப்பர்வைசர் ஆறுதல் சொல்லப் போய், "பரீட்சைக்கு நான் பேர் குடுக்கலையே சார்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு அக்காவின் பேச்சும் நின்றது. எங்களைக் கிண்டல் செய்ய ஆளில்லாமல் கூடமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அவரிடம் திட்டாவது வாங்கமாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

ஒரு மத்தியானம் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு தாய் பதறிக்கொண்டு வந்தாள். மகளின் துணி முயல் அழுக்கு விரிப்போடு சுருண்டு இங்கே வந்துவிட்டதாம். மறுநாள் ஆபரேஷன். முயல் இல்லாமல் தூங்கமாட்டேன் என்கிறதாம் குழந்தை. மூட்டைகளைக் கொட்டித் தேடினோம். அக்காதான் ஈரத் துணிக்குள் கையைவிட்டு எடுத்தார். ஒரு காது பிய்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்.

"அவளுக்காக வேண்டிக்குங்கக்கா" என்றாள் அந்தத் தாய்.

"நான் கேட்டா நடக்காதும்மா. என் பொண்ணுக்கே கேட்டுப் பாத்துட்டேன்."

முயலோடு திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீங்கதான்க்கா கேக்கணும். உங்க முகத்தப் பாத்து மாட்டேன்னு சொல்ல அந்தச் சாமிக்கே கூச்சமா இருக்கும்ல."

மறுநாள் காலை அக்கா மிஷின் மேல் கை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. "உங்கூட எனக்குப் பேச்சில்ல, சாமி. இது அந்தக் குழந்தைக்கு. அது எழுந்து வீட்டுக்குப் போகணும்" என்றார். சண்டைக்காரரிடம் பேசுகிற குரல். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது. வார்டு ஆயா வந்து சொன்னபோது, அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிழைத்தது இன்னொருத்தி பெற்ற பிள்ளை அல்லவா? அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தச் சேதி வந்தா வயிறு எரியுமோன்னு தினம் பயந்துட்டிருந்தேன்டி" என்றார். "எரியல. சந்தோஷமா இருக்கு. எனக்குள்ள அதெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். சாமி என்னை இன்னும் விடலடி."