முகாமில் எடுத்த வாக்குறுதி

என் கணவரின் அக்காவான மச்சாளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சாரணியப் பேச்சை எடுத்தால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் மானிப்பாயில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். சீருடை, சின்னங்கள், கழுத்துப்பட்டி என்று எல்லாம் வைத்திருந்த சாரணி. நான் மயிலிட்டியிலிருந்து போரால் இடம்பெயர்ந்து அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கே எங்களைவிடக் கொஞ்சம் மூத்த ஓர் அக்கா, ஊரில் சாரணியாக இருந்தவர், சிறுமிகள் எங்களைச் சேர்த்து வாக்குறுதி எடுக்க வைத்து, சாரணியச் சட்டங்களும் சொல்லித் தந்தார். பழைய சேலையைக் கிழித்துத்தான் எங்களுக்குக் கழுத்துப்பட்டி.

“பதிவில்லாமல் என்ன சாரணியம்? தாலி கட்டாத கலியாணம் மாதிரி,” என்று மச்சாள் சிரிப்பார்.

“கட்டினவையெல்லாம் ஒழுங்கா வாழினமோ, மச்சாள்?” என்று நானும் விடமாட்டேன்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் வலிக்கும். முகாமில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அண்மையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய சாரணியர் ஒன்றுகூடினார்கள். “நீரும் வாரும், இருந்து பாக்கலாம்,” என்றார் மச்சாள். பார்க்கவா போனேன்? என்னையும் ஒருத்தியாக எண்ணுவார்களா என்று அறியத்தான் போனேன்.

வாசலில் நின்ற பெண்மணி கனிவாகத்தான் கேட்டார். “நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்துச் சாரணி, அம்மா?”

“முகாமிலை,” என்றேன்.

“அப்ப விருந்தினர் கதிரையிலை இருங்கோவன்.”

அவரில் பிழை சொல்ல முடியாது. போய் விருந்தினர் கதிரையில் இருந்தேன்.

வாக்குறுதியைப் புதுப்பிக்க எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மூன்று விரல்களை உயர்த்தி, ஒருவர் ஒரு சாரணியச் சட்டத்தைச் சொல்ல, மற்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்வது முறை. பொறுக்கமாட்டாமல் எழுந்து போய் மச்சாளின் பக்கத்தில் நுழைந்துகொண்டேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். என் முறை வந்தது. எனக்கு மிகப் பிடித்த சட்டத்தைச் சொன்னேன்.

“பவுசர் வந்தால் சாரணி கடைசியாகத் தண்ணீர் பிடிப்பாள்.”

ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

“அப்பிடியொரு சட்டம் இல்லையே அம்மா,” என்று நடுவில் நின்றவர் மெல்லச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தான் மறந்துபோன ஏதோ ஒரு சட்டத்துக்குப் பதிலாக முகாமில் அந்த அக்கா தானே ஒன்றைச் செய்து போட்டிருக்கிறார். உலகத்துச் சாரணியர் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள் என்று நான் இத்தனை காலமும் நம்பியிருக்கிறேன். கிணறு இருக்கிற ஊர்களின் சட்டத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எப்படி வரும் என்று ஒருநாளாவது யோசித்தேனா, மடைச்சி! அந்தச் சட்டத்துக்காக வெயிலில் வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறேன். தண்ணீர் முடிந்து வெறும் வாளியோடு திரும்பி அம்மாவிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

மச்சாள் என் பக்கம் திரும்பினார். “கடைசியிலையோ நிண்டனீர்?”

“ஓம், மச்சாள்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

அவர் என் இடக்கையை இறுகப் பிடித்தார். நடுவில் நின்றவரைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சட்டத்தை ஒரு சொல் விடாமல் உரத்துத் திருப்பிச் சொன்னார். பிறகு வட்டம் முழுவதும் சொன்னது.

கண் நிறைந்து வழிந்தது. துடைக்க எனக்குக் கை இருக்கவில்லை. ஒன்றை மச்சாள் விடவில்லை. மற்றதில் மூன்று விரல்கள் உயர்ந்திருந்தன.