பிரேக் ஆயிலில் குங்குமம்

சீ, என்ன கருமம் இது என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டு வாசலில், காரின் பின்பக்க இடது சக்கரத்தடியில் பழைய பாயை விரித்து மல்லாந்து கிடந்தேன். பிரேக்கில் காற்று எடுக்கிற நிப்பிளில் மாட்டிய ட்யூப் வழியாக வாட்டர் பாட்டிலுக்குள் இறங்கியது பிரேக் ஆயிலா சாக்கடையா என்று தெரியவில்லை. கறுப்பாக, கொழகொழவென்று. ஒரு சொட்டு உதட்டில் பட்டு, காலையில் தின்ற இட்லி மேலே வரப் பார்த்தது.

மனைவி டிரைவர் சீட்டில் இருந்தாள். "மிதி" என்பேன். பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு "மிதிச்சிருக்கேன்" என்பாள். நிப்பிளைத் திறந்து, காற்றையும் அழுக்கையும் வெளியே விட்டு, மூடி, "விடு" என்பேன். இதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை. பத்து நாளாகவே இல்லை.

பத்து நாளுக்கு முன், டீச்சர் வேலை பார்க்கும் திருவரங்குளத்துப் பள்ளிக்கூடம் விட்டு அவள் ஓட்டி வந்த கார், எங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரில் போய் முட்டியிருந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. நான் ஓடிப்போய், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, "பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியாதவளுக்கு எதுக்குடி காரு?" என்று கத்தினேன். "மிதிச்சேங்க, பிடிக்கல" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸில் போகிறாள். சாவியைத் தொடுவதில்லை.

வண்டியை நான் திருப்பி எடுத்து வந்தபோது எனக்கும் பெடல் தரைவரை இறங்கியது. அவள் இடித்த இடியில் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதுக்கோட்டையில் பிரேக் பேடும் வீல் சிலிண்டரும் வாங்கி வந்து, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். கழற்றிய பழைய சிலிண்டருக்குள் செம்மண் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. போன தடவை சர்வீஸ் பார்த்த மெக்கானிக் போலி ஆயிலை ஊற்றிவிட்டான் என்று அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன்.

இரண்டு சக்கரம் முடிந்தும் அழுக்கு நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் இருந்ததை ஊசி போடும் சிரிஞ்சால் உறிஞ்சினேன். அடியில் சகதி. விரலை விட்டு வழித்தால் பாதி சிவப்பு, பாதி மஞ்சள். மூடியைப் பார்த்தேன். அப்பிக் காய்ந்து கிடந்தது, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும்.

வருஷா வருஷம் வைத்தவன் நான்தான். ஸ்டியரிங்குக்கு, பேட்டரிக்கு, விட்டுப்போகக் கூடாதென்று அந்த மூடிக்கும் மூன்று விரலால் ஒரு அப்பு. பிறகு ஆயில் குறைந்தால் துடைக்காமலே திருகித் திறப்பேன். உதிர்ந்ததெல்லாம் உள்ளே. அந்தச் சகதியை நம்பித்தான் அவளைத் தினமும் அனுப்பியிருக்கிறேன். ஆயிலைவிட என்மேல்தான் அதிகம் குமட்டியது.

அப்போதும் என்ன செய்தேன்? சட்டென்று விரலைக் கைலியில் துடைத்தேன். மறைக்கத்தான். நினைத்தால் இப்போதும் தூ என்று வருகிறது.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். "என்னங்க அது, குங்குமமா?"

"ஆமா. நான் வச்சதுதான். உள்ள விழுந்து அடைச்சிருக்கு."

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு நான் மிதிச்சேன்ல?"

"மிதிச்சடி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இங்கிட்டு நின்னு முணங்காதீங்க. எங்க வச்சுக் கத்துனீங்களோ, அங்கிட்டு வந்து சொல்லுங்க."

டப்பாவைப் புது ஆயிலாலேயே அலசினேன். நாலு சக்கரத்துக்கும் மறுபடி மிதித்தாள். கண்ணாடி மாதிரி ஆயில் வரும்வரை விடவில்லை. தெருவுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். பெடல் கல்லாக நின்றது. இறங்கிச் சாவியை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

ரேஷன் கடையில் அன்று சர்க்கரை போட்டார்கள். வரிசை ரோடு வரை நின்றது. அவள் நேரே சுவரைப் பார்த்து ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"எறங்குங்க" என்றாள்.