கழுவிவிட்ட பேச்சு

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்குப் பளிச் அக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. யாராக இருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அவள் கழுவிய கண்ணாடிக் குடுவையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். டீ குடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து, கடைசி மடக்கு மிச்சமிருக்கும்போதே கோப்பையை வாங்கிக் கழுவ எடுத்துப் போய்விடுவாள். கேட்டால், "குடிச்சாச்சுன்னு நெனச்சேன்" என்பாள். நினைக்கவெல்லாம் இல்லை. கை பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பது அவள் வேலை. சும்மா வளர்ப்பதில்லை, வம்புக்கு இழுத்து வளர்ப்பது. தட்டின் அடியில் ஒரு தூண்டுபொருளைப் பூசியிருப்பார்கள். அதைத் தொட்டதும் செல்கள், எதிரி வந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டும். கூட்ட வாய் ஏது? சைட்டோகைன் என்ற புரதத்தை, தங்களைச் சுற்றியிருக்கும் திரவத்தில் விடும். பக்கத்துச் செல் அதை உணர்ந்து தன் பங்குக்கு விடும். கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க ஒரே ரகளை. உடம்புக்கு இந்த ரகளை வேண்டும். ஆனால் ஓயாமல் நீண்டால் அதுவே உடம்பைப் படுத்திவிடும். அதனால் ஒரு கட்டத்துக்குமேல் சில செல்கள் வேறு ஒரு சைட்டோகைனை விடும். அது சொல்லும் சேதி ஒன்றுதான்: போதும். மற்றவை அதைக் கேட்டு மெல்ல அடங்கும்.

எல்லா ஊர்க் கூடங்களிலும் அடங்கின. பளிச் அக்காவின் தட்டுகளில் மட்டும் அடங்கவில்லை. நாளுக்கு நாள் புதிதாகக் கத்தின. ஆராய்ச்சியை நடத்தும் மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வீட்டிலும் அப்போது அமைதி இல்லை, சத்தமும் இல்லை. அங்கே இருந்தது அவளும் அவள் தங்கையும் மட்டும். தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் ஒரு பழைய ஷூ இருந்தது. அடிப்பாகம் தேய்ந்து காகிதமாகிப் போனது. அதைப் போட்டால்தான் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியும் என்பாள். பளிச் அக்கா ஒருநாள் அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது அது ஷூவாக இல்லை.

"அழுக்கு மூட்டைய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?" என்றாள் அக்கா, தப்பு தன் மேல் என்று தெரிந்தும்.

"உன்கூட மனுஷங்க இருக்க முடியாதுக்கா. பினாயில்தான் இருக்க முடியும்" என்றாள் தங்கை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு பேச்சு நின்றது. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே சமையலறையில் உரசாமல் நடமாடினார்கள். பிறகு ஒரு காலை, தங்கை சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சனிக்கிழமை வேற ரூமுக்குப் போறேன்." அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "சரி" என்றாள். அன்று அந்த அடுப்பை எத்தனை தடவை துடைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தங்கை இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவள் ரோஷம் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. செல்களுக்கு விடுமுறை கிடையாது என்பதால் அவள் கூடத்துக்குப் போனாள். வழக்கம்போல் தட்டிலிருந்த பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று பார்த்து மேடம் சீக்கிரம் வந்துவிட்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"மாத்தறேன் மேடம். ரோஸ் கலர்ல இருந்தது மஞ்சளாயிடுச்சு பாருங்க. அழுக்கு."

"தினமுமா மாத்தறீங்க?"

"அழுக்குலயேவா விட்டுவைக்கறது?"

மேடத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது அழுக்கில்லக்கா. அதுலதான் அதுங்க பேசிக்குதுங்க. ஒண்ணு போதும்னு சொல்லி அனுப்புது. இன்னொண்ணு கேக்கறதுக்குள்ள நீங்க கழுவி ஊத்திடறீங்க. பாவம், நம்மகிட்ட யாருமே போதும்னு சொல்லலியேன்னு அதுங்க கத்திக்கிட்டே இருக்கு."

"மாத்தக் கூடாதுன்னு முதல்லயே சொன்னீங்க. நான்தான்..." என்று தொடங்கிய பளிச் அக்கா பாதியில் நின்றுவிட்டாள். வேறு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

போன வாரம் தங்கையின் கார், வீட்டு வாசலில் புழுதி படிந்து நின்றது. பின்கண்ணாடியில் யாரோ விரலால் "போதும்" என்று எழுதியிருந்தார்கள். இவ்வளவு அழுக்கு போதும், கழுவுங்கள் என்று தெருவில் போகிற எவனோ கிண்டல் செய்திருக்கிறான் என்று அவளுக்கு மானம் போனது. உடனே குழாயைத் திறந்துவிட்டு எழுத்தையும் புழுதியையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். தங்கை அதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை போகிறேன் என்று சொன்னது அதற்கு மறுநாள்.

"மேடம், நான் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் காரில் ஏறியிருந்தன. தங்கை உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பியிருந்தாள். பளிச் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பேச வாய் வரவில்லை. எழுதலாம் என்றால் கண்ணாடியில் மருந்துக்குக்கூடப் புழுதி இல்லை. கழுவிய புண்ணியவதி அவளேதான். தங்கையின் பக்கத்து ஜன்னலில் வாயை வைத்து ஊதினாள். படிந்த ஆவியில் விரலை வைத்து எழுதத் தொடங்கினாள். "போ" வரைக்கும்தான் வந்தது. மீதிக்கு ஆவி இல்லை.

தங்கை கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "போகத்தானே போறேன். அத எழுதி வேற காட்டணுமா?"

"போதும்னு எழுத வந்தேன்டி. பாதியிலயே காஞ்சிடுச்சு. அன்னிக்கு எழுதினது நீன்னு எனக்குத் தெரியாது. எவனோ கிண்டல் பண்றான்னுதான் கழுவினேன். நீ போகாத. நீ இல்லாம எனக்கு ஆகாது."

தங்கை, பாதி இறங்கிய கண்ணாடியில் அக்காவின் விரல் பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியெல்லாம் கைரேகை" என்றாள் கடைசியில். "துடைக்கலியா?"

பளிச் அக்காவின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடிப் போனது. போன கை வெறுமனே திரும்பி வந்தது.

"இருக்கட்டும்" என்றாள்.

தங்கை இன்ஜினை அணைத்தாள்.